நீலகிரி நாடகக்காரங்க சினிமா, சீரியல் கேரக்டர் ரோலுக்குப் போறது எப்படி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் திருவிழா நாடகம், வீதி நாடகம், காலேஜ் நாடகம்னு பண்ணிட்டு இருக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். ஹீரோ ஆகுறதுக்கு இதுல வழி எதுவும் இல்ல. அப்பா, ஏட்டு, வாத்தியார், எஸ்டேட் கங்காணி, பக்கத்து வீட்டு அக்கா இப்படி ரெண்டு சீன் நாலு சீன் ரோல், அதை வச்சே ஆயுசு பூரா வேலை பாத்தவங்க இருக்காங்க. டெல்லி கணேஷ் சார் ஏர்ஃபோர்ஸ்ல இருந்துட்டு, காத்தாடி ராமமூர்த்தி குழுவுல நாடகம் போட்டு, 1977ல பட்டினப்பிரவேசம் படத்துல வந்தாரு, 2024ல தவறுற வரைக்கும் 400 படத்துக்கு மேல பண்ணிட்டாரு. கூத்துப்பட்டறைங்கிற சென்னை நாடகக் குழுல இருந்து வந்த குரு சோமசுந்தரத்துக்கு 2011ல ஆரண்ய காண்டம், 2016ல ஜோக்கர், அப்புறம் 2021ல மலையாளத்துல மின்னல் முரளி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல எத்தனை வருஷம் ஓடியிருக்குன்னு பாருங்க. அத்தனை வருஷம் தாங்குறதுக்கு ஒரு வருமானம் வேணும், அதனால லீவு குடுக்குற ஒரு வேலைய கைல வச்சுக்கிட்டே ஆரம்பிங்க.

மொதல்ல மேடைப் பழக்கத்துல எதை வச்சுக்கணும், எதைக் குறைக்கணும்னு தெரியணும். குரல் நம்ம பலம்னு எல்லாரும் நினைக்கிறோம், என்னைக் கேட்டா கேமரா முன்னாடி அதைவிடப் பெரிய பலம் எதிர்ல பேசுறவரை உண்மையா கேக்குற பழக்கம்தான். கேரக்டர் ரோல்ல பாதி நேரம் ஹீரோ பேசுவாரு, நம்ம மூஞ்சிதான் குளோசப்ல இருக்கும். நல்லா கேக்குறவங்களோட ரியாக்‌ஷனை எடிட்டர் வெட்ட மாட்டாரு. இதுக்கு வீட்லயே பிராக்டீஸ் பண்ணலாம், ஏற்கனவே போட்ட நாடகத்துல ஒரு பக்க வசனத்தை எடுத்து மேடைல பேசுன மாதிரியே ஒரு தடவை போன்ல ஷூட் பண்ணுங்க, அப்புறம் அதே வசனத்தை அடுப்புக்கிட்ட உக்காந்து அம்மாகிட்ட பேசுற சத்தத்துல, உணர்ச்சி மட்டும் குறையாம பேசுங்க, ரெண்டையும் சேத்துப் போட்டுப் பாருங்க. புருவம், கை, தலையாட்டல் எல்லாம் எவ்ளோ அதிகமா இருக்குன்னு நீங்களே பாப்பீங்க.

அடுத்தது கன்டினியூட்டி, அதாவது ஒரே சீனைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது எதுவும் மாறாம பாத்துக்கிறது. மொதல்ல முழு சீனையும் தூரத்துல இருந்து மாஸ்டர் ஷாட்டா எடுப்பாங்க, அப்புறம் ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி இருந்து எடுக்குற சஜஷன், அப்புறம் குளோசப், அதுக்குள்ள ரெண்டு மணி நேரம் போயிருக்கும். டீ டம்ளரை எந்த வார்த்தைல எடுத்தீங்களோ கடைசி ஷாட் வரைக்கும் அதே வார்த்தைல எடுக்கணும். ராத்திரிக்கு ராத்திரி அதே நாடகம் போட்டவங்களுக்கு இது கஷ்டமே இல்ல. மார்க்ல, அதாவது நிக்க வேண்டிய இடத்துக்குத் தரைல போட்ட அடையாளத்துல, போய் நிக்கிறதையும் தரையைப் பாக்காம நடந்து பழகிடுங்க.

சீரியல் வேற கதை. ஒரே நாள்ல நெறைய சீன், வசனம் செட்லதான் கைக்கு வரும், பிராம்ப்ட் பண்ணுவாங்க. மனப்பாடம் பண்ணியே பழகுனவங்க இங்க திணறுவாங்க, அதனால பின்னாடி ஒருத்தரைப் பேப்பரைப் படிக்கச் சொல்லி, காதுல வாங்கிக்கிட்டே முகம் மாறாம பேசிப் பழகுங்க.

ஆடிஷனுக்கு ஒவ்வொரு தடவையும் சென்னை ஓட வேண்டாம், நாமளே போன்ல நடிச்சு எடுத்த செல்ஃப் டேப் அனுப்புனா போதும்னு இப்ப நெறைய பேர் சொல்றாங்க. ஜன்னலுக்கு எதிர்ல நில்லுங்க, பின்னாடி வெறும் சுவர், போன் கண் மட்டத்துல, அகலவாக்குல திருப்பி வச்சிருக்கணும். எதிர் வசனம் படிக்கிறவர் லென்ஸுக்குப் பக்கத்துல நிக்கட்டும், பார்வை அவர் மேல இருக்கணும். நம்ம ஊர்ல மஞ்சு இறங்குனா நிமிஷத்துல வெளிச்சம் மாறிடும், வானம் தெளிவா இருக்கும்போதே முடிச்சிடுங்க. அந்த வீடியோல பேர், வயசு, உயரம், தெரிஞ்ச மொழி சொல்லுங்க, முகத்தை நேரா ஒரு தடவை, ரெண்டு சைடும் ஒரு தடவை காட்டுங்க. ஸ்டுடியோல மேக்கப் போட்டு எடுத்த ஆல்பம் கேரக்டர் ரோலுக்குத் தேவையில்ல, தாடியோட ஒண்ணு, ஷேவ் பண்ணி ஒண்ணு, சாதா சட்டைல இருந்தா போதும்.

மொழின்னு சொன்னேன்ல, அதைச் சும்மா எழுதி வைக்காதீங்க, பேசிக் காட்டுங்க. படுகர் பேசுற படுகு மொழி தெரிஞ்சவங்க, கூடலூர்ல வளந்து மலையாளம் சரளமா பேசுறவங்க, 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து வந்து தேயிலைத் தோட்டத்துல குடியேறுன குடும்பத்துத் தமிழ் வாய்ல இருக்கிறவங்க, இவங்களை மாதிரி சென்னைல தேடுனா சுலபமா கிடைக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு அந்தப் பேச்சை "சினிமாத் தமிழா" மாத்திடாதீங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு, நம்ம பசங்க ஊர்ப் பேச்சை வெக்கப்பட்டு மறைக்கிறாங்க.

ஊட்டிக்கு ஷூட்டிங் யூனிட் வரும்போது கோ டைரக்டரையோ அசிஸ்டன்ட் டைரக்டரையோ பாருங்க, பிரேக்ல மட்டும், ஒரு நிமிஷம், நம்பர் வாங்கி கிளிப் அனுப்பிட்டு வந்துருங்க. ரெஜிஸ்ட்ரேஷன், கார்டுன்னு ரோலுக்கு முன்னாடி காசு கேட்டா அங்கயே விட்டுடுங்க. முறையா கத்துக்கணும்னா பெங்களூருல தேசிய நாடகப் பள்ளியோட ஒரு வருஷப் படிப்பு இருக்கு, புதுச்சேரி பல்கலைக்கழகத்துலயும் நாடகம் படிக்கலாம்.

ரோல் கிடைச்சா, எத்தனை நாள் கால்ஷீட், ஒரு நாளைக்கு எவ்ளோ, பேட்டா (தினச் செலவுக்குத் தர்ற காசு) உண்டா, மேட்டுப்பாளையத்துல இருந்து டிரெயின் டிக்கெட்டும் ரூமும் யார் குடுக்குறாங்கன்னு மேனேஜர்கிட்ட மெசேஜ்லயே கேட்டு வாங்கிக்குங்க. கூச்சப்படாதீங்க, எல்லாரும் கேக்குறதுதான். கடைசி நாள் ஷூட் முடிஞ்சதும் டப்பிங் எப்ப, பேட்ச் வொர்க், அதாவது விட்டுப்போன ஷாட்டை அப்புறமா எடுக்குறது, பாக்கி இருக்கான்னு கேளுங்க. இல்லன்னு அவங்க வாயால சொல்ற வரைக்கும் தாடி, முடி எதுலயும் கை வைக்காதீங்க.