வேலையை விடும் முன் மத்திய சேம நிதி (மசேநி) கணக்கைப் பாருங்கள்

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே, மனத்துக்குப் பிடித்த தொழிலுக்கு மாறலாமா என்று யோசிக்கிறீர்களா? முதலில் இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள்: அன்று நேரம் போனதே தெரியாமல் செய்தது எது, கடிகாரத்தைப் பார்க்க வைத்தது எது. வேலை பிடித்தேதான் இருக்கிறது, மேலாளரோ ஷிப்ட் நேரமோதான் பிடிக்கவில்லை என்று சிலருக்குத் தெரியவரும். அதற்குத் தொழிலையே மாற்ற வேண்டியதில்லை.

மாறத்தான் வேண்டும் என்றால், கோட்டை விடுவது பெரும்பாலும் வீட்டுக் கடனில்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணை மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து போகிறதா? மாதாமாதம் சம்பளத்தை ஒட்டி நீங்களும் முதலாளியும் கட்டும் பணம்தான் அதில் சேர்கிறது; சம்பளம் நின்றால் புதுப் பணம் விழாது. இருப்பைத் தவணையால் வகுங்கள். 9,600 வெள்ளி இருந்து, மாதத் தவணை 1,200 என்றால் எட்டே மாதம். பிறகு ரொக்கமாகக் கட்ட வேண்டும். கையில் ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறதே என்று கணக்குப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சொந்தத் தொழில் என்றால் முதலாளியின் பங்கும் கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மசேநியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்கு நீங்களே கட்ட வேண்டும்.

40 வயதைத் தொட்ட குடிமக்களுக்கு 2024 மே முதல், பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் 4,000 வெள்ளி கூடுதலாக உண்டு. காலாவதி ஆகாது, ஆனால் குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே செல்லும். ஆசைக்கு ஒரு வகுப்பு என்றால் எடுபடாது. பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள். அதற்கும் முன்னால், அந்தத் தொழில் நடக்கும் இடத்தில் நான்கு சனிக்கிழமை தொண்டூழியமோ பகுதிநேர வேலையோ செய்து பாருங்கள்.