மண்டபத்துக் காற்றுக்குத் தாங்கும் கேபினெட்

வீடு ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரில், கடலுக்குப் பக்கம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் ஜன்னலைச் சாத்தினாலும் மேசையில் மணல் நறநறக்கும். என் கம்ப்யூட்டரின் பழைய கேபினெட் மெல்லிய தகரம். ஹார்டு டிஸ்க் சுற்றும்போதெல்லாம் பக்கத் தகடு 'ர்ர்ர்' என்று அதிரும். திருகெல்லாம் துரு.

புதுசு வாங்க மதுரைக்குப் போனேன். கடைக்காரர் கலர் விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியைத்தான் முதலில் காட்டினார்.

"அண்ணே, விளக்கு வேணாம், தகட்டைக் காட்டுங்க."

பக்கக் கதவைக் கழற்றி, எதிரெதிர் மூலையைப் பிடித்து முறுக்கிப் பார்த்தேன், வளையவில்லை. வெட்டிய விளிம்புகளில் பெயின்ட் முழுசாக ஏறியிருக்கிறதா என்று விரலை ஓட்டினேன். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கடலோரத்துக்காரனுக்கு மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

80 மி.மீ. ஃபேன் கத்திக்கொண்டு தள்ளும் காற்றை 140 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். முன்னால் உள்ளிழுக்க இரண்டு, பின்னால் வெளியே தள்ள ஒன்று. உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் இடுக்கு வழியாகத் தூசி அவ்வளவாக நுழையாது. காற்று ஃபில்டர் வழியாகத்தான் வரும். உப்பு ஈரத்தை எந்த ஃபில்டரும் நிறுத்தாது, அது வேறு கதை.

ஹார்டு டிஸ்க்குக்கு ரப்பர் வாஷர் போட்டதும் அதிர்வு அடங்கியது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை), பிராசஸர் 60 டிகிரியைத் தாண்டினால்தான் ஃபேன் வேகம் ஏறும்படி வைத்தேன்.

ஃபில்டரைக் கழுவினால் நன்றாகக் காயவிட்டுத்தான் மாட்டணும். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. அதனால் கடைசி அலசல் மட்டும் குடிதண்ணீரில்.