கடலோரச் சாலையில் அத்தையோடு போகிறவர்களுக்கு

சீர்காழியிலிருந்து கோடியக்கரை வரை காரில் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு முதல் தகவல்: கிழக்குக் கடற்கரைச் சாலை என்பது பெயர்தான். டெல்டாவில் அந்தச் சாலையிலிருந்து பெரும்பாலும் கடல் தெரியாது. வயல், இறால் குட்டை, சவுக்குத் தோப்பு, அவ்வளவுதான். கடல் வேண்டுமென்றால் ஒவ்வோர் ஊரிலும் கிழக்கே திரும்பிச் சாலை முடிகிற இடம் வரை போக வேண்டும்.

நான் இருப்பது நார்வேயில். அங்கே 18 சாலைகளை அரசாங்கமே தேர்ந்தெடுத்து, வண்டியை நிறுத்தி இளைப்பாறும் இடங்களைக் கட்டடக் கலைஞர்களை வைத்துக் கட்டியிருக்கிறது. ஸ்டெகஸ்டைன் என்ற இடத்தில் ஒரு மேடை, தண்ணீருக்கு 650 மீட்டர் மேலே, மலையை விட்டு 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஹெல்கெலான்ட் கடலோரத்தில் உரெட்ப்ளாசெனில் 2018இல் திறந்த கழிப்பறையின் கூரை அலை மாதிரி வளைந்த கான்கிரீட். அதைப் படமெடுக்கவே ஆட்கள் வருகிறார்கள். இதைக் காரில் சொன்னபோது அத்தை கேட்டார்: "கக்கூஸையா போட்டோ எடுக்குறாங்க?"

அத்தை கூட வருவது திட்டத்தில் இல்லை. நான் வெளிநாடு போக வேண்டுமென்று வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டிருந்தாராம். நான் போய் வருஷங்கள் ஆகின்றன, அது பாக்கி. மறுக்க முடியுமா? அவருக்குச் சர்க்கரை, மூட்டு வலி இரண்டும் உண்டு.

வேளாங்கண்ணியில் கழிப்பறை வரிசையைப் பார்த்துவிட்டு "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அங்கிருந்து வேதாரண்யம் பக்கம் போகிற வழியில்தான் வினை. முதல் பெட்ரோல் பங்கில் பூட்டு. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். இரண்டாவதில் கதவு திறந்திருந்தது, உள்ளே ஆயில் டின்களும் உடைந்த மின்விசிறியும், அவற்றுக்கு நடுவே குத்தவைக்கும் பீங்கான். அத்தையின் முழங்கால் மடங்காது. மூன்றாவதில் "ஸ்டாஃபுக்கு மட்டும் சார்". கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றையும் பங்கில் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி என்று சத்தம் போட்டேன். அந்தப் பையன் அமைதியாக, "காத்து வேணா புடிச்சுக்கங்க சார்" என்றான்.

கடைசியில் காப்பாற்றியது ஒரு கல்யாண மண்டபத்தின் வாட்ச்மேன். மணமகள் அறையைத் திறந்துவிட்டார். வெளியே வந்த அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பஸ்ஸுல போறதா இருந்தா முத நாளு சாயங்காலத்துலேர்ந்தே தண்ணி குடிக்க மாட்டேன்டா. இன்னிக்கி உன் கார்தானேன்னு ஒரு காப்பி குடிச்சுட்டேன்." அதன் பிறகு எனக்கும் டிரைவருக்கும் பேச்சே வரவில்லை.

ஆகவே, முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தில் கேட்கத் தயங்காதீர்கள். அதைவிட நல்லது திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களை நம்பி அங்கே லாட்ஜுகள் ஏராளம், வருகிறவர்களும் வயதானவர்கள், அதனால் உட்காரும் கழிப்பறை கிடைக்கும். அரை நாளைக்கு ஓர் அறை எடுத்துவிட்டால் பூம்புகாரும் தரங்கம்பாடியும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

வழிப்போக்கருக்கு இளைப்பாற இடம் கட்டுவது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. தஞ்சை மராட்டியர்கள் ராமேசுவரம் போகிற பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது, கல்லில் செதுக்கிய யானைகளும் குதிரைகளுமாக. அவ்வளவு வசதி இல்லாதவர்கள் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒன்று. தலைச்சுமைக்காரர் யார் கையையும் எதிர்பார்க்காமல் பாரத்தை அதில் நகர்த்திவிடலாம், உயரம் அப்படி. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைப்பது வழக்கம். உள்சாலைகளில் இன்னும் கண்ணில் படும். இப்போது போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள்.

கடல் பார்க்க என் ஓட்டு தரங்கம்பாடிக்கு. 1620இல் டென்மார்க்காரர்கள் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை மதிலிலிருந்து கடல் நேரே தெரியும். அப்போது நார்வேயும் அதே அரசரின் கீழ்தான். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கோடியக்கரையில் ராமர் பாதம் இருக்கும் மேடுதான் அந்தத் தட்டை நிலத்திலேயே உயரம்; வெயிலுக்கு முன் போனால் வெளிமான் பார்க்கலாம். பூம்புகாருக்கு ஆடியில் போங்கள். மேட்டூர் நேரத்துக்குத் திறந்திருந்தால் காவிரி கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கும், கோடையில் வெறும் மணல். பெட்ரோலைக் காரைக்காலில் போடுங்கள், புதுச்சேரி வரி என்பதால் விலை குறைவு.

புறப்படும் முன் அத்தைமார்களிடம் வேறு வேண்டுதல் ஏதும் பாக்கி உண்டா என்று கேட்டுவிடுங்கள். நாகூர் தர்காவிலும் ஒன்று இருப்பது, நாகூரைத் தாண்டி நாகப்பட்டினத்துக்குள் நுழைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.