பாலிக்கு ஓய்வெடுக்கப் போகும் டெல்டாக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர் என்று நம் பக்கமிருந்து இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போகிற குடும்பங்கள் இப்போது நிறைய. திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறினால் தென்பசார் போய் இறங்கிவிடலாம். கேட்டால் எல்லோரும் ஓய்வெடுக்கப் போவதாகத்தான் சொல்வார்கள். ஆனால் பலர் கிளம்பியதைவிடக் களைத்துப்போய்த்தான் வீடு திரும்புகிறார்கள். தீவில் ஒரு குறையும் இல்லை, கிளம்புவதற்கு முன்பே நாம் போட்டுக்கொள்ளும் திட்டத்தில்தான் குறை.

முதல் தவறு, நவக்கிரகத் தல சுற்று மாதிரி ஒரே நாளில் ஒன்பது இடம் பார்த்துவிட நினைப்பது. இங்கே திங்களூரிலிருந்து ஆலங்குடி, ஆலங்குடியிலிருந்து திருநாகேஸ்வரம் என்று சமதரையில் ஓடிவிடலாம். பாலியில் நடுவில் மலை நிற்கிறது. வடக்கேயும் தெற்கேயும் போகிற சாலைகள் வளைந்து வளைந்து ஏறி இறங்குபவை, தெற்குப் பக்கம் நெரிசல் வேறு. விமான நிலையத்திலிருந்து உபுத் என்ற ஊர் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனாலும் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட ஆகும். 'நான்கு இரவு ஐந்து பகல்' என்று விற்கும் பேக்கேஜில் கோயில், அருவி, ஊஞ்சல், குரங்குக்காடு, நுசா பெனிடா தீவு, காபித் தோட்டம் எல்லாம் இருக்கும், உட்கார ஒரு மாலை இருக்காது. அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். படத்தில் அழகாகத் தெரியும் பல இடங்கள் படிக்கட்டில்தான் முடிகின்றன. நுசா பெனிடாவில் கெலிங்கிங் கரைக்கு இறங்கும் பாதை செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. அந்தத் தீவுக்குப் போகும் விரைவுப் படகும் அலை பெரிதாக இருக்கும் நாளில் வயதானவர்களின் இடுப்பைப் பதம் பார்த்துவிடும்.

என் கருத்து இதுதான்: ஒரு வாரம் என்றால் இரண்டே ஊர். கடலோரம் ஒன்று, மலையடிவாரத்தில் ஒன்று. கடலுக்கு சனூர், மலைப்பக்கம் சிதெமன் அல்லது முண்டுக். உபுத்தான் வேண்டுமென்றால் ஊர் நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளித் தங்குங்கள். இரண்டு நாளை முழுசாகக் காலியாக விடுங்கள். பணம் கொடுத்துப் போய் சும்மா இருப்பதா என்று வீட்டில் கேட்பார்கள், சும்மா இருப்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம்.

அந்தக் காலி நாட்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது எரிமலை. பாலியில் ஆகுங், பாத்தூர் என்று இரண்டு எரிமலைகள் உயிரோடு இருக்கின்றன. ஆகுங் ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர் உயரம். 1963-ல் அது வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017 நவம்பரில் மறுபடி சாம்பல் கக்கியபோது விமான நிலையம் நாள் கணக்கில் மூடிக்கிடந்தது. பாலி மலைகள் அமைதியாக இருந்தாலும் போதாது. கிழக்கே புளோரஸ் தீவிலுள்ள லெவோதோபி 2024 நவம்பரில் வெடித்தபோதும் பாலி விமானங்கள் வரிசையாக ரத்தாயின. சாம்பல்தானே, மழை மேகம் மாதிரி கடந்து போய்விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. அது விறகுச் சாம்பல் இல்லை, பாறையும் கண்ணாடியுமான பொடி. விமான எஞ்சினின் சூட்டில் உருகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். 1982-ல் கோலாலம்பூரிலிருந்து பெர்த் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் போய் நான்கு எஞ்சினும் நின்றுபோனது. சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகுதான் எஞ்சின்கள் திரும்ப ஓடின, எல்லோரும் பிழைத்தார்கள். ஆகவே விமானத்தை ரத்து செய்தால் கவுண்டரில் நின்று சண்டை போடாதீர்கள்.

இதை மனதில் வைத்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். திருச்சி–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–தென்பசார் வேறொரு டிக்கெட் என்று மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக வாங்குவது பெரிய தவறு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலையில்லை, காசு போனது போனதுதான். ஒரே பதிவில் முழுப் பயணமும் இருக்கட்டும். பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த கையோடு எடுத்துவிடுங்கள். மலை புகைகிறது என்று செய்தி வந்த பிறகு எடுத்தால், தெரிந்த ஆபத்து என்று சொல்லிக் கையை விரிப்பார்கள். எரிமலையால் ஏற்படும் ரத்து, தாமதம் இரண்டும் அதில் அடங்குமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய மறுநாளே கல்யாணம், பள்ளித் திறப்பு, வங்கித் தவணை என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும். விமான நிலையம் மூடினாலும் தீவு பூட்டிவிடுவதில்லை. மேற்கே கிலிமானுக் துறையிலிருந்து ஜாவாவுக்குக் கப்பல் உண்டு, அங்கிருந்து தரைவழியாக சுரபயா போய் விமானம் பிடிக்கலாம். நீண்ட பயணம், ஆனால் அவசரத்துக்கு உதவும் வழி.

இந்தோனேசியாவில் எரிமலை எச்சரிக்கை நான்கு நிலை: நார்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். கடைசி இரண்டில் ஒன்று என்றால் அந்த மலைப்பக்கமே போகாதீர்கள். தடை செய்த வட்டத்துக்குள் அழைத்துப் போகிறேன் என்று எந்த வழிகாட்டி சொன்னாலும் வேண்டாம் என்றுவிடுங்கள்.

அடுத்தது பாத்தூர் மலை ஏற்றம். சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டியதும் எழுப்பி, இருட்டில் டார்ச்சோடு ஏற்றுவார்கள். 1717 மீட்டர்தான், ஆனால் காலடியில் சரளைக்கல் சறுக்கும். மேலே அடிக்கும் குளிர்காற்று மார்கழிப் பனி மட்டுமே பார்த்த நம் உடம்புக்குப் புதிது. மெல்லிய பருத்திச் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போய் நடுங்குகிறவர்கள் உண்டு. ஏற ஆசையும் தெம்பும் இருந்தால் ஸ்வெட்டரும் ஷூவும் எடுத்துக்கொண்டு போங்கள். ஓய்வுக்கு வந்தவர்கள் கிந்தாமணியில் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து மலையையும் ஏரியையும் பார்க்கலாம், பிறகு ஏரிக்கரையில் தோயா புங்காவின் வெந்நீர் ஊற்றில் கால் நீட்டலாம். அந்த நீரைச் சுடவைப்பதும் அதே எரிமலைதான்.

டெல்டாக்காரர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு ரொம்பவே வருத்தம் தருவது வேறொன்று. பாலியின் படிப்படியான நெல்வயல்களுக்குப் போய் ஊஞ்சலில் ஆடி, நான்கு படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். நெல்லும் வாய்க்காலுமாக வளர்ந்த நாம் அப்படிக் கடந்து போகலாமா? அந்த வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் அமைப்புக்கு சுபாக் என்று பெயர். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது, 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் விவசாயிகள் சேர்ந்தால் ஒரு சுபாக். அதற்குத் தலைவர் பெக்காசே. தண்ணீர் பிரியும் இடத்தில் மரக்கட்டையில் வெட்டுவாய் வைத்து, வயலின் அளவுக்கேற்பத் தானாகவே பிரிந்து போகும்படி செய்திருப்பார்கள், அதற்குத் 'தெம்புக்கு' என்று பெயர். எந்தப் பகுதி எப்போது நடுவது, எப்போது தரிசு போடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். பக்கத்து வயல்கள் எல்லாம் ஒன்றாக நட்டு ஒன்றாகக் காயப்போட்டால் பூச்சிக்கும் எலிக்கும் தின்ன ஒன்றும் கிடைக்காது. 1970-களில் அரசு புதிய ரகங்களைக் கொடுத்து இடைவிடாமல் நடச் சொன்னபோது பூச்சி பெருகி விளைச்சல் போனது, பிறகு பழைய முறையின் அருமையை ஆய்வாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். இதற்கெல்லாம் தலைமைக் கோயில் பாத்தூர் பள்ளத்தின் விளிம்பிலிருக்கும் உலுன் தானு. ஏரியின் தெய்வமான தேவி தானுவுக்கான கோயில். முன்பு கீழே இருந்தது, 1926-ல் எரிமலைக் குழம்பு ஊரையும் கோயிலையும் மூடிவிட, மேலே கொண்டுபோய்க் கட்டினார்கள். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ எதிர்பார்த்து வாழ்கிற நமக்கு, மலை மேல் ஒரு ஏரியைத் தாயாக வைத்து விவசாயம் செய்கிறவர்களைப் பார்ப்பதைவிட வேறென்ன சுற்றுலா வேண்டும்?

இந்தப் படிவயல்களைப் பார்க்கத் தெகலாலாங்கில் கூட்டம் அதிகம். ஜத்திலுவிக்குப் போய் வரப்பில் ஒரு காலைப்பொழுது மெதுவாக நடங்கள். பயிரை மிதிக்காதீர்கள், வரப்பை உடைக்காதீர்கள் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்த மாதம் போனாலும் பச்சையாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், அறுவடை முடிந்திருந்தால் தாள்தான் நிற்கும். தங்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது போவது? அரையாண்டு விடுமுறையிலும் பொங்கலிலும்தான் நம்மவர்கள் கிளம்புகிறார்கள், டிசம்பர் ஜனவரிதான் அங்கே மழை கொட்டும் காலம். பாலி பூமத்தியரேகைக்குத் தெற்கே இருக்கிறது, வறண்ட பருவம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. சம்பா அறுத்து, உளுந்து பயறும் எடுத்து, குறுவைக்கு இன்னும் நாள் இருக்கிற ஏப்ரல் கடைசியும் மே மாதமும் நமக்கும் வசதி, அங்கும் நல்ல வானிலை. மார்ச்சில் போகிறவர்கள் ஞேபி நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது சக ஆண்டுக் கணக்குப்படி அவர்களுடைய வருடப் பிறப்பு. அன்று தீவு முழுக்க மௌனம். விமான நிலையம் இருபத்துநான்கு மணி நேரம் மூடியிருக்கும், சுற்றுலாப் பயணிகளும் விடுதி வாசலைத் தாண்டக் கூடாது, விளக்கைக்கூடக் குறைத்துவிடுவார்கள். அன்று ஊர் திரும்ப டிக்கெட் போடாதீர்கள். தெரிந்தே போய்த் தங்கினால் அதைவிட நல்ல ஓய்வு நாள் கிடைக்காது.

கடலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வேளாங்கண்ணியில் அலையில் நின்று பழகிய துணிச்சலில் கூத்தா, செமின்யாக் கடலில் இறங்கக் கூடாது. அங்கே கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பலமானது, சிவப்புக் கொடி இருந்தால் கணுக்கால் அளவுகூட வேண்டாம். குழந்தைகளோடு போனால் பவளப்பாறை அலையைத் தடுத்து நிறுத்தும் சனூர், நுசா துவா கரைகள்தான் சரி. வடக்கிலும் கிழக்கிலும் லோவினா, ஆமெட் பக்கம் மணல் கறுப்பாக இருக்கும், எரிமலைக் கல் பொடிந்த மணல். மதியத்தில் வெறுங்காலோடு நடந்தால் பொத்துவிடும். இன்னொன்று, நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை: 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையை அடித்த சுனாமி இதே இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கு அருகே கிளம்பியது. கடலோரத்தில் இருக்கும்போது தரை பலமாக, நீண்ட நேரம் ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு நடங்கள். 'ஜாலுர் எவாகுவாசி' என்று போட்டிருக்கும் பலகை அந்த வழியைக் காட்டும். விடுதிக்குப் போன முதல் நாளே அது எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ஏமாறுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அங்கே சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் தெராசி என்ற இறால் விழுது அரைத்திருப்பார்கள், காய்கறிப் பிரட்டலில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள், தட்டோரம் வைக்கும் குருப்புக்கை அப்பளம் என்று கடித்தால் அதிலும் பெரும்பாலும் இறால்தான். "தன்பா தெராசி, தன்பா உடாங்" என்று சொல்லப் பழகுங்கள், இறால் விழுதும் இறாலும் இல்லாமல் என்று பொருள். தெம்பே (புளிக்கவைத்த சோயா), தாஹு (சோயாக் கட்டி), காடோ காடோ (வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காய்கறி) எல்லாம் நம் வாய்க்கு நன்றாகவே இருக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். அராக் என்ற உள்ளூர்ச் சாராயத்தைத் தொடவே தொடாதீர்கள், மெத்தனால் கலந்த சரக்கால் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. குரங்கோ நாயோ கடித்தால், சும்மா கீறல்தான் என்று விடாமல் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி போடுங்கள். தீவில் 2008 முதல் ரேபிஸ் இருக்கிறது.

பணம்: லட்சம் ரூபியா நோட்டு நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம்தான், ஆனால் பூஜ்யங்கள் மிரட்டும். பத்தாயிரத்துக்கும் லட்சத்துக்கும் குழம்பாமல் மெதுவாக எண்ணிக் கொடுங்கள். சந்துக்கடைகளில் ஊரிலேயே இல்லாத விலை எழுதியிருக்கும் பணமாற்றுக்காரரிடம் போகாதீர்கள், எண்ணுகிற கையிலேயே நோட்டு மறையும். விசா வந்திறங்கியதும் கிடைக்கும், ஐந்து லட்சம் ரூபியா, முப்பது நாள். முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் வரிசை மிச்சம். 2024 பிப்ரவரியிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபியா சுற்றுலா வரியும் உண்டு.

ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பவர்கள், நம்மைப் போல இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள் என்று ஏறிவிடுகிறார்கள். இருசக்கர வண்டி குறிப்பிட்ட சர்வதேச உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் ஆஸ்பத்திரிச் செலவைத் தராது. குடும்பமாகப் போனால் டிரைவரோடு கார் ஒன்றை நாள் வாடகைக்கு எடுப்பதுதான் நிம்மதி.

கோயிலுக்குச் சாரோங் கட்ட வேண்டும், நம் வேட்டியும் இடுப்பில் ஒரு துண்டும் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வாசல்களிலும் நடைபாதையிலும் தென்னங்குருத்துத் தட்டில் பூ வைத்திருப்பார்கள், சானாங் சாரி. அது சாமிக்கு வைத்தது, கீழே பார்த்து நடங்கள்.

கிளம்பும் நாளில் மலையிலிருந்து நேரே விமான நிலையத்துக்கு வண்டி வைக்காதீர்கள். முந்தின நாளே இறங்கி சனூரிலோ ஜிம்பாரனிலோ தங்கிவிட்டால், வழியில் கோயில் ஊர்வலம் மறித்தாலும் மழை பிடித்தாலும் விமானத்தைத் தவறவிட மாட்டீர்கள். தென்பசாரில் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதைக் கைபேசி தானாக மாற்றிக்கொண்டதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.