ராணுவ மருத்துவமனையில் காயம்பட்டவரைப் பார்க்கப் போகும்போது

முதல் தடவை போனபோது என் கையில் ஒரு பொன்னாடையும் பூங்கொத்தும் இருந்தன, நாக்கு நுனியில் மனப்பாடம் செய்த நாலு வரியும் இருந்தது. மூன்றுமே உதவவில்லை. அறுவைச் சிகிச்சை வார்டுக்குள் பூ வராது என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார் சிஸ்டர். பொன்னாடையைப் போர்த்தலாம் என்று போனால், நான் பார்க்கப் போன பையனின் தோளில் கட்டு. நாலு வரியைச் சொல்ல வாயே வரவில்லை. உங்களுக்கு இப்படி ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. அனுமதி

அரசு ஆஸ்பத்திரி மாதிரி நேராக உள்ளே நுழைய முடியாது. ராணுவ மருத்துவமனை பெரும்பாலும் கன்டோன்மென்ட் என்கிற ராணுவக் குடியிருப்பு எல்லைக்குள் இருப்பதால் கேட்டிலேயே விசாரிப்பார்கள். சொந்தக்காரர் என்றால் அவருடைய படை எண், ரேங்க், யூனிட், வார்டு ஆகியவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பெயரைச் சொன்னால் அந்தப் பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அசல் அடையாள அட்டையும் வேண்டும். பார்வை நேரம் இடத்துக்கு இடம் மாறும், போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

யாரையும் தெரியாது, ஆனால் போக ஆசை என்றால் மருத்துவமனையின் தலைமை அதிகாரியான கமாண்டன்டுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். புனே பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, கிர்கியில் இருக்கும் பாராபிளெஜிக் மறுவாழ்வு மையம். முதுகுத்தண்டு அடிபட்ட படைவீரர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்கிறார்கள். வாயில் தூரிகையைக் கவ்விப் படம் வரைகிறவர்களும் உண்டு. நேற்று அடிபட்டவரின் கட்டில் பக்கத்தில் நிற்பதைவிட, புதிதாகப் போகிறவருக்கு இது சுலபம். இங்கேயும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

2. போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்

போட்டோ வேண்டாம், அவரே 'எடுத்துக்கலாம்' என்றாலும் வேண்டாம். எந்த யூனிட், எங்கே அடிபட்டார் என்பதெல்லாம் ஃபேஸ்புக்கில் போடுகிற சங்கதி இல்லை.

3. சிஸ்டரிடம் முதலில் பேசுங்கள்

ராணுவ நர்ஸ்கள் அதிகாரிகள். தோளில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் லெப்டினன்ட், மூன்று என்றால் கேப்டன். வார்டில் அவர் சொல்வதுதான் சட்டம். 'இவர் என்ன சாப்பிடலாம், எவ்வளவு நேரம் பேசலாம்?' என்று கேளுங்கள். அவரைக் கேட்காமல் ஒரு மைசூர்பாகுகூட வாய்க்குப் போகக் கூடாது.

4. கட்டில் பக்கத்தில்

அசைய முடியாமல் படுத்திருப்பவரின் தலைமாட்டில் நிற்காதீர்கள், உங்களைப் பார்க்க அவர் கழுத்தை முறிக்க வேண்டியிருக்கும். ஸ்டூலை இழுத்து அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். கட்டில் மேல் உட்கார வேண்டாம், காலில் கட்டித் தொங்கும் எடையில் இடித்துவிடாதீர்கள். சக்கர நாற்காலி அவர் உடம்பு மாதிரி, அதில் கை ஊன்றக் கூடாது. வெடியில் அடிபட்டவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். கத்த வேண்டாம், முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும். எடுத்துவிட்ட காலில் பாதம் அரிக்கிறது என்று ஒருவர் சொன்னால் முழிக்காதீர்கள். அது கற்பனை இல்லை, உண்மையான உணர்வு.

5. பேச்சு

இங்கேதான் நாம் எல்லோரும் சொதப்புகிறோம். 'எப்படி ஆச்சு?' என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். எல்லாமே குண்டுக் காயமும் இல்லை. சியாச்சின் பனியில் விரல் போனவர் இருப்பார், வண்டி கவிழ்ந்து இடுப்பு உடைந்தவர் இருப்பார். அவரிடம் போய் 'எதிரியை விரட்டின சிங்கம்' என்றால் அவருக்குத்தான் கூச்சம். 'கடவுள் உங்களைக் காப்பாத்திட்டார்' என்பதும் வேண்டாம். கூட இருந்தவன் பிழைக்காமல் போயிருக்கலாம். படையில் தொடர உடல் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் மெடிக்கல் போர்டு என்ன சொன்னது, வேலை இருக்குமா என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார்.

முரளிகாந்த் பேட்கர் கதையைச் சொல்ல எல்லோருக்கும் ஆசை வரும். 1965 போரில் சுடப்பட்டு, 1972-ல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவர். அருமையான கதைதான். ஆனால் மூன்று வாரம் முன்பு கால் உணர்ச்சி போனவரிடம் அது அதட்டல் மாதிரி கேட்கும்.

அப்புறம் என்னதான் பேசுவது? ஊரைப் பற்றி. மெட்ராஸ் ரெஜிமென்ட் பையன்களை ராணுவத்தில் 'தம்பி' என்பார்கள். வடக்கே ஒரு வார்டில் படுத்திருக்கும் தம்பிக்கு நாலு வார்த்தை தமிழ் கேட்டால் போதும். நான் பார்த்த பையன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, நம்ம பக்கம் மழை பேஞ்சுச்சா?"

6. துணைக்கு இருப்பவர்

அம்மாவோ மனைவியோ மொழி தெரியாத ஊரில் அந்த ஸ்டூலிலேயே நாளைக் கழிப்பார்கள். 'நான் இங்க இருக்கேன்மா, நீங்க குளிச்சுச் சாப்பிட்டு வாங்க' என்று சொல்லிப் பாருங்கள். என்னைக் கேட்டால் பழக்கூடையைவிட இது பெரிய உதவி. பொருள்தான் கொடுக்க வேண்டும் என்றால் நீளமான சார்ஜர் வயர், தமிழ் வாரப் பத்திரிகை, தளர்வான லுங்கி.

7. கிளம்புவது

இருபது நிமிடம் போதும். டிரெஸ்ஸிங் தள்ளுவண்டி வந்தால் உடனே எழுந்துவிடுங்கள். 'மறுபடி வர்றேன்' என்பதை நிஜமாகவே வருவதானால் மட்டும் சொல்லுங்கள்.

நான் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டிருந்தான், சிஸ்டரும் சரி என்றிருந்தார். அடுத்த மாதம் போனால் அந்தக் கட்டிலில் வேறு ஆள். செயற்கைக் கால் பொருத்த அவனை அனுப்பிவிட்டார்களாம். பக்கத்துக் கட்டில் மலையாளி கையை நீட்டினார்.

"கொடுங்க சேட்டா. ஊறுகாய் வரும், வாங்கி வைன்னு சொல்லிட்டுத்தான் போனான்."