இரண்டாவது லினக்ஸ் நிறுவும்போது ஸ்வாப்பைக் கவனியுங்கள்
ஏற்கெனவே உபுண்டு இருக்கும் கணினியில் டெபியனையும் நிறுவுவோர், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யக்கூடாது என்பதில் கவனமாக இருந்தாலும், நினைவகம் போதாதபோது துணையாகப் பயன்படும் ஸ்வாப் பார்ட்டிஷனைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். நிறுவலின்போது அது மீண்டும் ஃபார்மட் செய்யப்பட்டால் அதன் தனித்த அடையாளமான யூயூஐடி (UUID) மாறிவிடும். பழைய லினக்ஸில், இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பிலோ முந்தைய அடையாளமே இருப்பதால், அது பூட் ஆகும்போது இல்லாத பார்ட்டிஷனைத் தேடி 90 விநாடிகள் வரை காத்து நிற்கும் (வன்தட்டு பழுதாகிவிட்டதோ என்றுகூடத் தோன்றும்). பிஎல்கேஐடி (blkid) கட்டளை காட்டும் புதிய யூயூஐடியை அந்தக் கோப்பில் மாற்றி எழுதினால் தாமதம் நீங்கும். சேமித்த நிலையிலிருந்து மீளும்போது எந்த ஸ்வாப்பைப் படிப்பது எனச் சொல்லும் ரெஸ்யூம் அமைப்பிலும் பழையது இருந்தால், அதையும் திருத்தி, பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் (initramfs) புதுப்பிக்க வேண்டும். ஹைபர்னேட் செய்யும் (நினைவக நிலையை ஸ்வாப்பில் சேமித்துக் கணினியை அணைக்கும்) வழக்கமுள்ளவர்கள் மட்டும், சேமிக்கப்பட்ட நினைவக நிலையை மற்ற லினக்ஸ் அழித்துவிடக்கூடும் என்பதால், இரண்டுக்கும் தனித்தனி ஸ்வாப் ஒதுக்குவதே நல்லது.