விடியற்காலை பேஸ்போல் வாக்குவாதத்துக்குத் தயாராவது எப்படி?

நியூயோர்க்கில் கோடையில் இரவு 7.10க்குத் தொடங்கும் ஆட்டம், இலங்கையின் ஹட்டனில் விடியற்காலை 4.40. ஆகவே முந்தின இரவே பிளாஸ்க்கில் பிளேன்டீ ஊற்றி வையுங்கள். கம்பளியும் வேண்டும், எங்கள் லயத்தில் சிக்னல் வாசற்படியில்தான் கிடைக்கும்.

நியூயோர்க் அணியான மெட்ஸ் தோற்றதும் என் மச்சான் "இந்த வருஷமும் போச்சு" என்பான். 1986க்குப் பிறகு கிண்ணமே இல்லை, அவன் வாயை அடைப்பது கஷ்டம். சண்டைக்குப் போகாமல் கணக்கைச் சொல்லுங்கள்: சீசனுக்கு 162 ஆட்டம். 2023இல் 72 ஆட்டம் தோற்ற டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ்தான் கிண்ணத்துக்கான இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது.

அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்ட் பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் பொறுமை வேண்டும். எடுத்த பையன் பெரும்பாலும் மைனர் லீக் எனும் கீழ்மட்டப் போட்டிகளில் சில வருஷம் கிடப்பான். தேயிலைக் கன்று நட்ட மறுநாளே கொழுந்துக்குக் கூடை தூக்க முடியுமா? அப்புறம் பின்னாளில் மெட்ஸின் நட்சத்திரமான மைக் பியாசாவை இறக்குங்கள். 1988இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அணியான டொட்ஜர்ஸ் அவரை 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுத்தது. அதுவும் அப்பாவின் நண்பரும் அந்த அணியின் மனேஜருமான லசோர்டா சொன்னதற்காக. (சிபாரிசு எங்கேதான் இல்லை!) 2016இல் பேஸ்போல் ஜாம்பவான்களுக்கான ஹோல் ஒஃப் ஃபேமில் சேர்ந்தார்.

"இப்போ மொத்தமே 20 சுற்றுதானே" என்று மச்சான் மடக்குவான். சரி, அந்த நேரத்தில் பிளாஸ்க்கைத் திறங்கள்.